ஹவில்தார் கேட்ட செமி ஆட்டோமேட்டிக்

விண்ணப்பம் கிடைத்த முப்பது நாளுக்குள் காவல் நிலைய அறிக்கை வர வேண்டும். அறிக்கை கைக்கு வந்த அறுபது நாளுக்குள் உரிமம் தருவதா மறுப்பதா என்று உரிம அலுவலர் எழுத்துமூலம் ஆணையிட வேண்டும். ஆயுத விதிகள் இப்படித்தான் சொல்கின்றன. கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தக்க விதி. என் பணிக்காலத்தில் பல முறை ஒற்றிக்கொண்டிருக்கிறேன். கடைப்பிடித்ததைக் கணக்கெடுத்தால் விரல்கள் மிஞ்சும்.

போன மாதம் ஒரு நாள் காலையில் மகேஸ்வரி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவள்.

"மேடம், ஒருத்தரு வந்திருக்காரு. மொத மொதல்ல துப்பாக்கி வாங்கப் போறாராம். செமி ஆட்டோமேட்டிக் ரைபிள்ல புதுசா ஆரம்பிக்கிறவனுக்கு எது நல்லதுன்னு கேக்காரு."

"நம்ம ஆபீஸ்லயா?"

"ஆமா மேடம். செல்போன்ல ஏதோ அமெரிக்காக்காரன் வீடியோ ஓடுது. நாலு துப்பாக்கியை வரிசையா வச்சு, இது தோளை உதைக்காது, இது மலிவு, இது சுத்தம் பண்ண லேசுன்னு சொல்லுதான். இவரு அதுல ரெண்டாவதைக் காட்டி, இது கெடைக்குமான்னு கேக்காரு. நான் என்ன சொல்லட்டும்?"

"டீ வாங்கிக் குடு. நான் எழுதித் தாரேன்" என்றேன். எங்கள் ஓய்வுபெற்ற அலுவலர் சங்க மலருக்கும் கட்டுரை கேட்டு மூன்று முறை நினைவூட்டல் வந்துவிட்டது. ஒரே எழுத்தில் இரண்டு கடமையும் தீரட்டும்.

முதலில் அந்த மனிதருக்கான பதில். செமி ஆட்டோமேட்டிக் என்றால், ஒரு முறை சுட்டதும் அடுத்த குண்டு தானாகவே குழலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் துப்பாக்கி. அந்த அமெரிக்கருக்கு அது முதல் துப்பாக்கியாக இருக்கலாம். நம் நாட்டில் அது தடைக்கு உட்பட்ட வகை. கலெக்டர் நினைத்தாலும் தர முடியாது. கோப்பு சென்னை போய், அங்கிருந்து டெல்லி போக வேண்டும். போகும் வழியில் அது பார்க்கும் மேசைகளை எல்லாம் நீங்கள் பார்க்க வேண்டுமென்றால் ஒரு யாத்திரையே போகலாம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், நான் துப்பாக்கியால் சுட்டதே இல்லை. தீபாவளிக்குப் பொட்டு வெடி வெடித்ததோடு சரி. கோவில்பட்டியில் பிறந்து, இங்கேயே எம்.ஏ. வரை படித்து, தேர்வு எழுதி, இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். நிலவரி, தபால், தேர்தல், நிலவரி என்று பிரிவு பிரிவாகச் சுற்றினேன். ஒரு நாள் மாவட்டத் தலைமையிடத்தில் ஆயுதப் பிரிவில் உட்கார வைத்தார்கள். ஆண்கள் யாரும் அந்த நாற்காலிக்கு வர விரும்பவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. உரிமம் கிடைக்காதவன் பகைவன், கிடைத்தவன் துப்பாக்கி உள்ளவன். பதினொரு வருடம் அந்த நாற்காலியில் இருந்தேன். தினமும் பஸ்ஸில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. ஆயுத விதிகள் முழுவதையும் அந்தப் பஸ்ஸில்தான் படித்தேன். பக்கத்தில் உட்காருபவர்கள் புத்தகத்தின் அட்டையைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். வசதியாக இருந்தது.

எனக்கு மேல் இருந்தவர் சிரஸ்தார் கணபதியப்பன். அவரிடம் ஒரு கோப்பு போனால், கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிப்பார். "முன்னாடி இருக்குறது நீ எழுதுனது. பின்னாடி இருக்குறதுதான் நடந்தது" என்பார். வரிக்கு அடியில் மரஸ்கேல் ஒன்றை வைத்து, வரி வரியாக மேலே நகர்த்துவார். பக்கத்தில் ஒரு சொம்பு மோர். கோபம் வந்தால் குரல் உயராது. பேனாவை மூடுவார். 'டக்' என்று மூடி விழும் சத்தம் கேட்டால், அந்தக் கோப்பு அன்றைக்கு நகராது என்று அர்த்தம். எந்தக் கோப்பாக இருந்தாலும் கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வி கேட்பார்: "இந்த ஆளு இப்ப எங்கன இருக்காரு?"

விண்ணப்பதாரரின் முகவரியை அவர் கேட்கவில்லை. இந்த நிமிடம் அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று கேட்கிறார். தெரியாது என்றால் கோப்பு திரும்பி வரும். முதல் முறை, "அது எந்த விதியில சார் இருக்கு?" என்று கேட்டேன். "விதியில இல்ல. அதான் உங்கிட்ட கேக்கேன்" என்றார்.

செமி ஆட்டோமேட்டிக் பற்றி நான் முதன்முதலில் கற்றுக்கொண்டது ஒரு காவல் நிலையத்தின் பீரோவிலிருந்து. தேர்தல் அறிவித்தால் உரிமம் உள்ளவர்கள் எல்லாரும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒரு தேர்தலின்போது ஒப்படைப்புப் பட்டியலைச் சரிபார்க்க நான் ஒரு நிலையத்துக்குப் போயிருந்தேன். தீப்பெட்டி ஆலை வைத்திருந்த ஒரு முதலாளி வந்தார். அவர் அப்பா காலத்து உரிமத்தில் வந்த பழைய சிறிய செமி ஆட்டோமேட்டிக் ரைபிள். குண்டு அடுக்கும் பெட்டியைத் தனியே கழற்றி ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்தார். ரைபிளை மேசைமேல் வைத்தார்.

"காலிதானே அண்ணாச்சி?" என்று ரைட்டர் கேட்டார்.

"பெட்டியே இங்கன என் கையில இருக்கு. பொறவு எப்படி குண்டு இருக்கும்?" என்று முதலாளி பையை ஆட்டிக் காட்டினார்.

ரைட்டர் ரைபிளைச் சுவர்ப் பக்கம் திருப்பி, விசையைத் தொட்டுப் பார்த்தார். பீரோவின் இரும்புக் கதவில் ஒரு துளை. உள்ளே ஏழு வருடத்துப் பதிவேடுகள் வரிசையாக நின்றிருந்தன. குண்டு ஐந்தாவது வருடம் வரை படித்துவிட்டு நின்றுபோனது. யாருக்கும் அடி இல்லை. பெட்டியைக் கழற்றினாலும் குழலுக்குள் ஒரு குண்டு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் என்பது மூன்று பேரில் ஒருவருக்கும் நினைவில்லை. முதலாளி மஞ்சள் பையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று முதல் யார் முதல் துப்பாக்கி பற்றிக் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: காலியா இல்லையா என்று பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரிகிற துப்பாக்கியை வாங்குங்கள். பன்னிரண்டு போர் என்று குழலின் அளவை வைத்துச் சொல்லும் இரட்டைக் குழல் துப்பாக்கியை நடுவில் மடக்கிப் பிடித்தால், இரண்டு குழல் வழியாகவும் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும். படிக்காதவனும் பார்த்துச் சொல்லலாம். அடுத்தது, தோட்டா எங்கே கிடைக்கும், கெட்டுப்போனால் யார் பழுதுபார்ப்பார், வீட்டில் எங்கே பூட்டி வைப்பீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்தத் துப்பாக்கி அழகு என்ற கேள்வி இதற்கெல்லாம் பிறகு வர வேண்டும். வீடியோவில் அதுதான் முதலில் வருகிறது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஒரு கோப்பில் நான் செய்ததை இனி சொல்கிறேன்.

ஹவில்தார் சுடலைமுத்து கயத்தாறுக்குப் பக்கத்து ஊர். ஆடு வளர்க்கிற குடும்பம்; கொஞ்சம் கரிசல் காடும் உண்டு, மக்காச்சோளம் போடுவார்கள். பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தார். கோவில்பட்டியில் ஒரு வங்கிக் கிளையில் துப்பாக்கிக் காவலர் வேலை காலியாக இருந்தது. அந்த வேலைக்கு ஆள் மட்டும் போதாது. ஆளுக்குச் சொந்தமாக உரிமம் உள்ள துப்பாக்கியும் வேண்டும். வங்கிகளுக்குக் காவலர்களை அனுப்பும் ஏஜென்சிக்காரர்கள், "உரிமத்தோட வாங்க, அன்னைக்கே வேலை" என்று சொல்லியிருந்தார்கள்.

மனைவி பேச்சியம்மாளோடு வந்தார். விண்ணப்பத்தைக் கோடு போட்டதுபோல் நிரப்பியிருந்தார். புகைப்படம், மருத்துவச் சான்று, ஆயுதம் கையாளத் தெரியும் என்ற சான்று, வீட்டில் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி, எல்லாம் வரிசைப்படி. எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. பிறகு ஆயுத வகை என்ற கட்டத்துக்கு வந்தேன்.

"செமி ஆட்டோமேட்டிக் ரைபிள்னு எழுதியிருக்கீங்க?"

"ஆமா மேடம்."

"பேங்க் வாசல்ல நிக்கத்தானே?"

"ஆமா."

"பன்னிரண்டு போர் இரட்டைக் குழல்னு மாத்தி எழுதுங்க. ஏஜென்சியும் அதைத்தான் கேக்கும். இங்கயே கலெக்டர் கையெழுத்தோட முடிஞ்சிரும். நீங்க எழுதியிருக்கிறது டெல்லிக்குப் போவும்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மேடம், பதினேழு வருசம் செமி ஆட்டோமேட்டிக் தூக்குன தோளு இது. இப்பப் போயி கொக்கு சுடுத துப்பாக்கியை மாட்டிக்கிட்டு நின்னா ஊரே சிரிக்கும்."

"இப்ப மட்டும் சிரிக்காமலா இருக்காவ?" என்றாள் பேச்சியம்மாள். "மிலிட்டரியில இருந்து வந்தவிய நாலு மாசமா அண்ணன் ஆட்டைப் பத்திக்கிட்டுத் திரியுதாவன்னு."

"நீ சும்மா இருட்டி."

"சும்மாதான் இருந்தேன், பதினேழு வருசம்." அவள் என்னைப் பார்த்துத் திரும்பினாள். "மேடம், இங்கன இந்த வேலை இல்லன்னா புனாவுல ஏதோ அடுக்குமாடிக்கு வாட்ச்மேனாப் போறேங்காவ. பழைய ஆபீசர் ஒருத்தரு கூப்புடுதாராம். போனா இனி தலை நரைச்சுத்தான் வருவாவ. எனக்கு எந்தத் துப்பாக்கின்னாலும் சரி. இவிய இங்கன இருக்கணும்."

நான் ஹவில்தாரிடம் இன்னொரு முறை எடுத்துச் சொன்னேன். தடைக்கு உட்பட்ட வகை, காலம் ஆகும், கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பீரோ கதையையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சிரித்த முகத்தோடு கேட்டார்:

"ரைபிளைப் பத்தி நீங்க எனக்குச் சொல்லுதீங்க மேடம். ஒரு தடவையாச்சும் சுட்டிருக்கீங்களா?"

பின்னால் காத்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். எங்கள் தபால் எழுத்தரும் சிரித்தார்.

இந்த இடத்தில் விதி என்ன சொல்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். விண்ணப்பத்தில் குறை இருந்தால் திருத்தத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வங்கிக் காவலுக்குத் தடை வகை ஆயுதம் கேட்பது பெரிய குறை. எழுத்தில் காரணம் குறித்துக் கையில் கொடுத்திருந்தால், இரண்டு நாள் கோபித்துக்கொண்டு மூன்றாம் நாள் மாற்றி எழுதிக் கொண்டுவந்திருப்பார். நான் திருப்பிக் கொடுக்கவில்லை. "உங்க இஷ்டம்" என்று சொல்லி முத்திரையைக் குத்தினேன். டெல்லி வரை போய்ப் பார்க்கட்டும், எந்தத் துப்பாக்கி எப்படி உதைக்கும் என்று தெரியட்டும் என்று நினைத்தேன். முத்திரை கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்தது வேடிக்கை. என் வாழ்நாளில் எந்தக் கோப்பும் அவ்வளவு வேகமாக நகரவில்லை. கிராம நிர்வாக அலுவலர் ஒரே வாரத்தில் சான்று கொடுத்தார். ராணுவத்தில் இருந்தவர் என்று சப்-இன்ஸ்பெக்டர் தாமே ஊருக்குப் போய் விசாரித்தார். அக்கம்பக்கத்தார் நல்லவர் என்று எழுதிக் கொடுத்தார்கள். காவல் அறிக்கை முப்பது நாளுக்குள் வந்தது. அந்தச் சமயம் கணபதியப்பன் சார் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக விடுப்பில் இருந்தார். அவருக்குப் பதிலாகப் பொறுப்பில் இருந்தவருக்கு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நாங்கள் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தால் போதும், பாக்கி எதையும் பார்க்க மாட்டார். நான் பெருக்கல் குறி போட்டேன். கோப்பு சென்னைக்குப் போனது. விதிப்படி ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை. தவறான கோப்பு ஒன்றைத்தான் நான் உரிய காலத்தில் அனுப்பியிருக்கிறேன்.

கணபதியப்பன் சார் கைத்தடியோடு வேலைக்குத் திரும்பியதும், அவர் இல்லாதபோது போன கோப்புகளின் நகல்களைக் கேட்டார். ஒவ்வொன்றாகக் கடைசிப் பக்கத்திலிருந்து ஸ்கேலை நகர்த்தினார். சுடலைமுத்துவின் கோப்பில் ஸ்கேல் நின்றது.

"இந்தக் கட்டத்தைப் பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"பாத்துட்டா அனுப்புன?"

"சொன்னேன் சார். அவர் கேக்கல."

"திருப்பிக் குடுத்தியா?"

"இல்ல சார்."

"இந்த ஆளு இப்ப எங்கன இருக்காரு?"

அந்த ஒரு கோப்புக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. ஏனென்றால் பேச்சியம்மாள் பத்து நாளுக்கு ஒருமுறை போன் செய்துகொண்டிருந்தாள். "காலையில ஆடு பத்திக்கிட்டுப் போறாரு சார். சாயங்காலம் பேங்க் வழியா ஒரு நடை வந்து, வேற ஆளு போட்டாச்சான்னு பாத்துட்டுப் போறாரு."

பேனா மூடி 'டக்' என்று விழுந்தது. நான் எதிர்பார்த்த திட்டு வரவில்லை. "அவரை வரச் சொல்லு" என்றார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அத்தனை மாதமும் அந்த வங்கி வேலை காலியாகவே இருந்தது. காரணம் எளிது. அதற்கு முயன்ற மற்ற மூன்று பேரின் கோப்புகளும் எங்கள் பிரிவில்தான் இருந்தன. நான் எதையும் வேண்டுமென்று நிறுத்தி வைக்கவில்லை. தாமதத்துக்கு என் உதவி என்றைக்கும் தேவைப்பட்டதில்லை.

ஹவில்தார் வந்தார். கணபதியப்பன் சார் அவருக்கு மோர் ஊற்றிக் கொடுத்தார். ரைபிள் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "நீங்க நிக்கப்போற பேங்க்குக்குப் போங்க. நிக்கப்போற எடத்துல நில்லுங்க. அங்கன இருந்து நீங்க சுட்டா குண்டு எங்கன போயி நிக்கும்னு எனக்கு எழுத்துல வேணும்" என்றார்.

"அது எதுக்கு சார்? இந்த விண்ணப்பப் பாரத்துல கெடையாதே."

"பாரத்துல இல்ல. நான் கேக்கேன்."

நான்கு நாள் கழித்து ஹவில்தார் ஒரு கோடு போட்ட தாளோடு வந்தார். ராணுவத்தில் பதுங்குகுழியில் உட்கார்ந்து எதிரே எது எவ்வளவு தூரம் என்று குறிப்பார்களாம். அதே முறையில் அந்த வங்கிக் கிளையை வரைந்திருந்தார். வாசலிலிருந்து கவுண்டர் பதினொரு எட்டு. இடது பக்கம் தூண். வலது பக்கம் பாஸ்புக் பதியும் மெஷின், அதன் முன் வரிசை. வடக்குச் சுவர் ஒரு தடித்த கோடு. அந்தக் கோட்டுக்கு வெளியே பென்சிலால் சின்னச் சின்ன வட்டங்கள், வரிசையாக.

"இது என்ன?" என்று சார் கேட்டார்.

ஹவில்தார் அந்த வட்டங்கள்மேல் விரலை வைத்தார். பிறகு சொன்னார்.

"வடக்குச் செவத்தைத் தட்டிப் பாத்தேன் சார், எவ்வளவு கனம்னு. ஒத்தைச் செங்கல்தான். அந்தப் பக்கம் இருந்து ஒரு சத்தம். 'எவம்லே அது செவத்தைத் தட்டுதது? சோலி இல்லையால?'ன்னு. சுத்திப் போயி எட்டிப் பாத்தேன். கடலைமிட்டாய்க்குத் தாள் சுத்துத எடம். பொம்பளையாளுவ வரிசையா செவத்துல முதுகைச் சாய்ச்சு உக்காந்திருக்காவ. சத்தம் போட்டது எங்க மதினி. அவிய அங்கன வேலை பாக்காவன்னு எனக்குத் தெரியும், இந்தச் செவருக்குப் பின்னாலன்னு தெரியாது. 'நீங்களா கொழுந்தனாரே, உள்ள வாங்க, மிட்டாய் தின்னுங்க'ங்காவ."

சார் ஸ்கேலை எடுத்து அந்தத் தடித்த கோட்டின் மேல் வைத்தார்.

"ரைபிள் குண்டு இந்தச் செவத்துல நிக்காது சார்" என்றார் ஹவில்தார். "நான் இருந்த எடத்துல எதுத்தாப்புல மலைதான். குண்டு எங்கன போவுதுன்னு யோசிக்க வேண்டிய தேவையே இருந்ததில்ல. பன்னிரண்டு போர்னா செவரைத் தாண்டாது. அதையும் இந்தக் கூட்டத்துக்குள்ள சுடக் கூடாது. தோள்ல இருக்கணும், எல்லாரும் பாக்கணும், அம்புட்டுத்தான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மேடம், அந்தக் கட்டத்தை மாத்தி எழுதித் தாரேன்."

"இப்ப மாத்த முடியாது" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. "கோப்பு சென்னையில இருக்கு. ஒண்ணு நிலுவையில இருக்கும்போது இன்னொண்ணு பதிய முடியாது. அவங்க திருப்பி அனுப்பணும். தப்பு என்மேலதான் ஹவில்தார். அன்னைக்கே நான் திருப்பிக் குடுத்திருக்கணும்."

"அன்னைக்கு நான் உங்களை எல்லாருக்கும் முன்னால அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பேச்சியம்மாளிடம் அவ்வளவு லேசாக முடியவில்லை. "ஒருத்தருக்கு ரோசம், ஒருத்தருக்குக் கோவம். நடுவுல நான் ஒருத்தி சோறாக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றாள் போனில். பதினொரு வருடத்தில் என்னைப் பற்றி எழுதப்பட்ட எந்த ஆய்வுக் குறிப்பும் இவ்வளவு சரியாக இருந்ததில்லை.

கணபதியப்பன் சார் சென்னைக்குக் கடிதம் எழுதினார். நான் ஒரு பக்கத்துக்கு வரைவு கொடுத்தேன். அவர் அடித்து அடித்து மூன்று வரியாக்கினார். விண்ணப்பதாரர் ஆயுத வகையை மாற்றக் கோருகிறார். மாற்றிய வகை மாவட்ட அளவில் முடிவு செய்யத் தக்கது. கோப்பைத் திருப்பி அனுப்பக் கோரப்படுகிறது. "நாலாவது வரி எழுதுனா அதுல ஒரு கேள்வி கேப்பான்" என்றார். கூடவே சுடலைமுத்துவின் கையெழுத்திட்ட மனு. சுவரை வரைந்த தாளை அனுப்பலாமா என்று கேட்டேன். "அது நமக்கு. அவங்களுக்கு மதினி கெடையாது" என்றார்.

ஒரு மாதம் பதில் இல்லை. நான் தற்செயல் விடுப்புப் போட்டு, கோவில்பட்டியில் ரயிலேறிச் சென்னைக்குப் போனேன். அங்கே அந்தப் பிரிவு அலுவலர் மரியாதையானவர்தான். நாற்காலி கொடுத்தார். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"மேடம், மாவட்டத்துலேர்ந்து கோப்பை வாங்கி டெல்லிக்கு அனுப்ப விதி இருக்கு. திருப்பிக் குடுக்க விதி எங்க இருக்கு?"

"திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு எங்க சார் இருக்கு?"

அவர் சிரித்துவிட்டார். "உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான் பேசுவீங்களா?"

"இல்ல சார். நான் கொஞ்சம் சாது."

"டெல்லிக்குப் போற கட்டுல இருக்கு. எடுத்து மேல வைக்கிறேன். செயலாளர் ஒப்புதல் வேணும். எப்போன்னு சொல்ல மாட்டேன்" என்றார். எடுத்து மேலே வைத்ததை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மாசி பிறந்தது. தேர்தல் அறிவிப்பு எந்த நாளும் வரலாம் என்று பேச்சு. அறிவிப்பு வந்துவிட்டால் தேர்தல் முடியும் வரை புது உரிமம் கிடையாது. ஏறத்தாழ மூன்று மாதம். அவ்வளவு காலம் ஏஜென்சி காத்திருக்காது. புனாக்காரரும் காத்திருக்க மாட்டார். ஹவில்தார் புனாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார், மார்ச் எட்டாம் தேதிக்கு. "எடுக்காதீங்கன்னு சொல்ல உங்களால முடியுமா மேடம்?" என்று கேட்டார். முடியவில்லை.

எங்களால் முடிந்தது ஒன்றே ஒன்று. பதில் வந்தால் செய்ய வேண்டிய அத்தனையும் முன்கூட்டியே செய்து வைத்தோம். பன்னிரண்டு போருக்குப் புதிய விண்ணப்பம், கையெழுத்தோடு. காவல் அறிக்கை அதே ஆளுக்கு, அதே வீட்டுக்கு என்பதால் பழையதே செல்லும் என்று சார் ஒரு குறிப்பு எழுதினார். ஆணை வரைவு, உரிமப் புத்தகம், வங்கிக் காவலர்கள் தேர்தல் காலத்திலும் துப்பாக்கி வைத்திருக்க விலக்குக் கோரும் மனு. எல்லாம் ஒரே நாடாவில் கட்டி என் மேசையில். சென்னைக் கடிதத்தின் எண்ணும் தேதியும் எழுத இரண்டு இடம் மட்டும் காலி. தினமும் காலையில் தபால் பிரிவுக்குப் போய் நின்றேன். என்னைப் பார்த்து முன்பு சிரித்த அந்த எழுத்தர், நான் வருவதற்கு முன்பே சென்னைத் தபாலைத் தனியாகப் பிரித்து வைக்கத் தொடங்கியிருந்தார்.

ஒரு நாள் அவர் உறையை எடுத்துக்கொண்டு தாமே என் மேசைக்கு வந்தார். உள்ளே இரண்டே வரி. மனுவை ஏற்று, மாவட்ட அளவில் உரிய ஆணை பிறப்பிக்கக் கோப்பு திருப்பி அனுப்பப்படுகிறது. கணபதியப்பன் சார் அந்த ஒரு கோப்பை மட்டும் முன்பக்கத்திலிருந்து படித்தார். காலியாக இருந்த இரண்டு இடத்தையும் தம் கையாலேயே நிரப்பினார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு கலெக்டர் அறைக்கு அவரே போனார்.

நான் பேச்சியம்மாளுக்குப் போன் செய்தேன்.

"பெட்டி கட்டியாச்சு மேடம்" என்றாள் எடுத்ததும். "பூட்டிட்டாவ."

"சாவி யார்கிட்ட?"

"எங்கிட்டத்தான்."

"அவுத்து அடுக்கும்மா. சாயங்காலம் கையெழுத்தாயிரும். நாளைக்கு ரெண்டு பேரும் வந்து புத்தகத்தை வாங்கிக்கோங்க."

அவள் போனை வைக்காமலேயே உள்ளே பார்த்துக் கூப்பிட்டது கேட்டது: "ஏங்க, இங்கன வாங்க. கொக்கு சுடுத துப்பாக்கி வந்துட்டு!"

தேர்தல் அறிவிப்பு அந்த வாரமே வந்தது. ஹவில்தார் இப்போதும் அந்த வங்கி வாசலில் இரட்டைக் குழலோடு நிற்கிறார். நான் ஓய்வூதியம் எடுக்கப் போகும்போது வணக்கம் வைப்பார். செமி ஆட்டோமேட்டிக் வேண்டும் என்று வந்திருக்கும் அந்த மனிதரை, மகேஸ்வரி, ஒரு நாள் அங்கே அனுப்பி வை. தபால் பதிவேட்டில் அந்தச் சென்னைக் கடிதத்துக்கு நான் எழுதிய வரி இன்னும் இருக்கும்: பெறப்பட்ட நாள், மார்ச் ஏழு, வியாழக்கிழமை, முற்பகல்.